சர்ச் நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள்: சபை எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு சபை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பின்பக்கம் பெரிய பார்க்கிங் இடம், வருடக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும் சண்டே ஸ்கூல் கட்டடம். சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போவதால் பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. "அந்த இடத்தில் அக்கம்பக்கத்து மக்களுக்கு எங்கள் சர்ச்சே ஸ்பான்சராக இருந்து வீடு கட்ட முடியுமா? எங்கள் கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்? எதில் மாட்டிக்கொள்வோம்?" என்று அந்தச் சபையின் கட்டடக் கமிட்டியில் இருக்கும் ஒருவர் கேட்கிறார்.

முடியும். அமெரிக்கச் சபைகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்துவருகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சபைக்கு இந்த விஷயத்தில் இருக்கும் பலம் இரண்டுதான்: நிலம், அப்புறம் அந்த இடத்தை விட்டுப் போகாமல் தலைமுறைக்கணக்கில் அங்கேயே இருப்பது. பணபலமும் கட்டுமான அனுபவமும் பெரும்பாலான சபைகளுக்குக் கிடையாது. அவற்றை மற்றவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். இதைக் குழப்பிக்கொண்டு எல்லாவற்றையும் தன் தலையில் ஏற்றிக்கொண்ட சபைகள்தான் பெரும்பாலும் திணறியிருக்கின்றன.

பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அன்று விழுந்த குழி இன்னும் மூடப்படவில்லை. 1959இல் வந்த 202ஆம் பிரிவுத் திட்டம் முதியோர் வீடுகள் கட்ட லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு நேரடியாக அரசுக் கடன் கொடுத்தது. 1961இல் சந்தையைவிடக் குறைந்த வட்டியில் வாடகை வீடுகளுக்குக் கடன் வந்தது. 1968இல் 236ஆம் பிரிவு என்று இன்னொன்று. நூற்றுக்கணக்கான சபைகள் இறங்கின. பிலடெல்பியாவில் சீயோன் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் லியோன் சல்லிவன் 1962இல் ஒரு திட்டம் சொன்னார்: உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 10 டாலர் வீதம் 36 மாதம் போடட்டும். அந்தப் பணத்தை விதையாக வைத்துச் சீயோன் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு வந்தது, 1968இல் ஒரு கடைவளாகமும் வந்தது. இது நல்ல உதாரணம்.

கெட்ட உதாரணங்களும் ஏராளம். அந்தக் காலத்துக் கடன்கள் கட்டுமானச் செலவு முழுவதையும் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும் என்பதால், ஸ்பான்சர் தன் கைக்காசு எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. சபை தன் பெயரைக் கொடுக்கும். ஆலோசகரும் வழக்கறிஞரும் ஒப்பந்தக்காரரும் காகித வேலையெல்லாம் முடிப்பார்கள், கட்டிடத்தையும் கட்டுவார்கள், கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாய்லர் பழுதானபோதும், வாடகை பாக்கி விழுந்தபோதும் சபை மட்டும்தான் அங்கே நின்றது. கையிருப்பு நிதி இல்லை. ஏழைகளிடம் வாடகையை ஏற்ற மனமும் இல்லை. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, வெப்பமூட்டும் செலவு எகிறியதும் பல திட்டங்கள் கடன் தவணை கட்ட முடியாமல் அரசின் கைக்கே போயின. நல்லெண்ணம் குறைவாக இருந்ததால் அவை தோற்கவில்லை. மாதக் கணக்கு இடித்தது, அதைத் தாங்க யாரும் இல்லை.

இன்றைக்குப் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இப்போது இதற்கு முதுகெலும்பு 1986 வரிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்த குறைந்த வருமான வீட்டு வரிக்கழிவு, அதாவது டாக்ஸ் கிரெடிட். ஃபெடரல் அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இந்தக் கழிவுகளைக் கொடுக்கிறது. மாநில வீட்டுவசதி முகமை போட்டி வைத்துத் திட்டங்களுக்குப் பங்கிடுகிறது. கழிவு கிடைத்த திட்டம் அதை ஒரு முதலீட்டாளரிடம், பெரும்பாலும் ஒரு வங்கியிடம், விற்றுக் கட்டுமானப் பணம் திரட்டுகிறது. வங்கி பத்து ஆண்டுகள் தன் வரியில் அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்கிறது. இதில் இரண்டு வகை உண்டு: ஒன்பது சதவீதக் கழிவு கிடைத்தால் தகுதியுள்ள செலவில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு ஈடான பணம் வரும், ஆனால் போட்டி கடுமை, நான்கு சதவீதக் கழிவு சுமார் 30 சதவீதத்துக்கு ஈடாகும், அது வரிவிலக்குப் பத்திரங்களோடு சேர்ந்து வருவது. மீதிக்கு வங்கிக் கடன், நகர நிதி, மாநில நிதி என்று நாலைந்து இடத்தில் கையேந்த வேண்டும்.

சபைகளுக்கு இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். வரிக்கழிவு வாங்க ஒரு கூட்டாண்மை அமைக்க வேண்டும், அதில் முதலீட்டாளரின் பங்கு வழக்கமாக 99.99 சதவீதம். திட்டத்தை நடத்தும் நிர்வாகக் கூட்டாளிக்கு மிச்சம் 0.01. "எங்கள் சர்ச் கட்டிய வீடு" என்று பெயர்ப்பலகை இருக்கும், காகிதத்தில் அது கிட்டத்தட்ட முழுக்க ஒரு வங்கியுடையது. பயப்பட வேண்டியதில்லை, வங்கிக்கு வேண்டியது வரிக்கழிவுதான், வீடு இல்லை. ஆனால் அந்தக் கழிவு பாதியில் பறிபோகாமல் இருக்க, நிர்வாகக் கூட்டாளியிடம் அது கையெழுத்துகள் கேட்கும்: கட்டி முடிப்பேன் என்று ஓர் உத்தரவாதம், நடத்தும் செலவில் துண்டு விழுந்தால் நான் போடுவேன் என்று ஓர் உத்தரவாதம், விதி மீறிக் கழிவு திரும்பப் பெறப்பட்டால் ஈடு செய்வேன் என்று இன்னொன்று.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த உத்தரவாதங்களில் சபை கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் ஆராதனைக் கூடம் உட்படச் சபையின் சொத்தே பணயமாகிவிடும். அனுபவமும் நிதிநிலையும் உள்ள ஒரு லாப நோக்கற்ற டெவலப்பர் அதில் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பதிலாக, திட்டத்தைக் கட்டி முடிப்பதற்காகக் கிடைக்கும் டெவலப்பர் கட்டணத்தில் பெரிய பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அது நியாயம்தான். "கட்டணத்தில் பாதி உங்களுக்கு" என்று யாராவது தாராளமாகச் சொன்னால், உத்தரவாதத்திலும் பாதி கேட்கப்போகிறார்களா என்று உடனே கேளுங்கள்.

சபை நேரடியாக எதிலும் சேராமல், தனியாக ஒரு லாப நோக்கற்ற நிறுவனத்தைப் பதிவு செய்து அதன் வழியாக இறங்குவதுதான் வழக்கம். நியூயார்க்கின் ஹார்லெமில் அபிசீனியன் பாப்டிஸ்ட் சர்ச் 1989இல் தன் மேம்பாட்டு நிறுவனத்தை அப்படித்தான் தொடங்கியது. அந்த நிறுவனத்துக்குச் சொந்தக் குழு, சொந்த வங்கிக் கணக்கு, சொந்த வழக்கறிஞர் வேண்டும். சபை மூப்பர்களே அங்கேயும் உட்கார்ந்து, காணிக்கைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றாக ஓடினால், தனி நிறுவனம் என்பது பெயரளவில்தான். குழுவில் அக்கம்பக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் இரண்டு பேராவது இருக்கட்டும். ஸ்பான்சர் என்ற சொல்லுக்கு உயிர் வருவது அங்கேதான்.

சரி, அந்த வீடுகளுக்கு யார் வருவார்கள்? கேள்வியில் "அக்கம்பக்கத்து மக்களுக்கு" என்று இருப்பதால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வருமான வரம்பு உங்கள் தெருவை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. மொத்தப் பெருநகர வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தை வைத்து ஹட் என்னும் ஃபெடரல் வீட்டுவசதித் துறை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் அளவு அது. புறநகர்ப் பணக்காரர்களின் வருமானமும் அதில் சேரும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: நால்வர் குடும்பத்தின் வட்டார இடைநிலை வருமானம் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீத வரம்பு என்றால் 60,000. அதில் முப்பது சதவீதம் வாடகை என்று வைத்தால் மாதம் 1,500 டாலர் வரை, மின்சாரம் போன்றவற்றையும் சேர்த்து, வசூலிக்கலாம். இப்போது உங்கள் சர்ச்சுக்கு எதிர்வீட்டில் ஆண்டுக்கு 36,000 சம்பாதிக்கும் குடும்பம் இருக்கிறது. வரம்புக்குக் கீழே இருப்பதால் அவர்களுக்குத் தகுதி உண்டு. ஆனால் 1,500 வாடகை அவர்கள் வருமானத்தில் சரிபாதி. வரிக்கழிவு வீட்டில் வாடகை அந்தக் குடும்பத்தின் சொந்த வருமானத்துக்கு ஏற்பக் குறையாது, வரம்பை ஒட்டியே நிற்கும். சபையார் பலருக்கு இது தெரியவருவது திறப்பு விழாவுக்குப் பிறகுதான், அதுவும் எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்கும்போது.

இதைச் சரிக்கட்ட வழிகள் உண்டு. 2018 முதல் வீடுகளின் வரம்பை 20 முதல் 80 சதவீதம் வரை கலந்து, சராசரி 60ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. 80 சதவீத வீடுகளின் வாடகை 30 சதவீத வீடுகளைத் தாங்கும். அதைவிட வலுவானது, உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்திடமிருந்து கட்டடத்தோடு இணைந்த வாடகை உதவிச் சீட்டுகளைப் பெறுவது. அந்த வீடுகளில் குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் மட்டும் கொடுப்பார், மீதியை ஆணையம் கொடுக்கும். ஆணையங்களிடம் இவை குறைவு, கேட்பவர்கள் அதிகம். இருந்தாலும் டெவலப்பரோடு முதல் பேச்சிலேயே "30 சதவீத வரம்பில் எத்தனை வீடு, சீட்டு எத்தனை" என்று சபை கேட்க வேண்டும். வேறு யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. 60 சதவீத வீடுகளாகவே வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாக முடிந்துவிடும் என்பதால் டெவலப்பர் தானாக அந்தப் பேச்சை எடுப்பது அபூர்வம்.

சபை உறுப்பினர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் முப்பது வருடம் தசமபாகம் கொடுத்த ஒரு மூதாட்டியை மனதில் வைத்துக்கொண்டு. கூடாது. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் மத அடிப்படையில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. மத அமைப்புகளுக்கு அதில் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது, ஆனால் வங்கியோடு கூட்டாண்மை, அரசுப் பணம் என்று வந்த பிறகு அதை நம்பி இறங்க முடியாது. அந்த மூதாட்டியும் மற்றவர்களைப் போல விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பம் நிரப்ப உதவலாம், எல்லோருக்கும் உதவுவது போல.

அக்கம்பக்கத்தவருக்கு முன்னுரிமை என்பது வேறு விஷயம், சில நகரங்கள் அனுமதிக்கின்றன. அதிலும் சிக்கல் உண்டு. நியூயார்க் நகரம் குறைந்த வாடகை வீடுகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் பாதி வீடுகளை அந்தந்த வட்டாரத்தவருக்கு ஒதுக்கிவந்தது. அது இனவாரியான பிரிவினையை நிலைக்கச் செய்கிறது என்று வழக்கு நடந்து, 2024இல் உடன்பாடு ஏற்பட்டு, ஒதுக்கீடு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. ஆகவே "இந்தத் தெருக்காரர்களுக்குத்தான் வீடு" என்று கூட்டம் போட்டு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கட்டடம் வருவதை அந்தத் தெருவுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தி, காகிதங்களைத் தயார் செய்ய உதவி, குலுக்கலில் அவர்கள் பெயர் நிறைய இருக்கும்படி பார்த்துக்கொள்வது உங்களால் முடிந்தது. அதைச் சரியாகச் செய்தாலே நிறைய வித்தியாசம் தெரியும்.

நிலத்தை எப்படிக் கொடுப்பது? விற்கலாம், நீண்ட குத்தகைக்கு விடலாம், கூட்டு டெவலப்பராகச் சேரலாம். வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இரண்டு சபைகள் இரண்டு விதமாகச் செய்தன. ஆர்லிங்டன் பிரஸ்பிட்டேரியன் சர்ச் தன் ஆலயத்தையே விற்றது, அது இடிக்கப்பட்டது, அங்கே கில்லியம் பிளேஸ் என்ற பெயரில் 173 வீடுகள் எழுந்து 2019இல் திறக்கப்பட்டன. சபை அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் வாடகைக்கு இடம் எடுத்துத் திரும்பி வந்தது. அதே ஊரில் கிளாரெண்டன் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச் தன் கோபுரத்தையும் கீழே ஆராதனைக் கூடத்தையும் வைத்துக்கொண்டு, மேலே 116 வீடுகளுக்கு இடம் கொடுத்தது. 70 வீடுகள் குறைந்த வாடகைக்கு. அங்கே பக்கத்தில் குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். அரசுப் பணம் சர்ச்சுக்குப் போகிறது, மதச்சார்பின்மைக்கு எதிரானது என்று வழக்கு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2010இல் தள்ளுபடியானது. கூடமும் வீடும் சட்டப்படி தனித்தனிச் சொத்துகளாக, தனித்தனிக் கணக்குகளாக இருக்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் படுத்துவதற்குக் காரணம் இதுதான்.

என்னைக் கேட்டால், நிலம் கைவிட்டுப் போகாத குத்தகை மேல். 60, 75, 99 ஆண்டுகள் என்று எழுதுவார்கள். குத்தகை முடிந்ததும் நிலம் சபைக்குத் திரும்பும், இடையில் குறைந்த வாடகை என்ற நிபந்தனையைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வைக்கலாம். ஆண்டுக் குத்தகைத் தொகையாகவோ, தொடக்கத்தில் மொத்தமாகவோ ஒரு வருமானமும் வரும். ஆனால் கூரை ஒழுகுவதைச் சரிசெய்யப் பணம் வேண்டும் என்பதற்காக மட்டும் இதில் இறங்கும் சபைக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குறைந்த வாடகைத் திட்டத்தில் நிலத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க முடியாது, வருகிற பணமும் நாலைந்து வருடம் கழித்துத்தான் வரும். அதற்குள் கூரை விழுந்துவிடும்.

கையெழுத்துப் போடுமுன் நிலம் உண்மையில் யாருடையது என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஐக்கிய மெதடிஸ்ட் சபைகளின் சொத்து மொத்தத் திருச்சபைக்காகவும் பொறுப்புச் சொத்தாக (டிரஸ்ட்) வைத்திருக்கப்படுகிறது. பிரஸ்பிட்டேரியன் திருச்சபையிலும் விற்கவோ அடமானம் வைக்கவோ வட்டாரச் சபைகளின் மேலமைப்பான பிரஸ்பிட்டரியின் ஒப்புதல் வேண்டும். கத்தோலிக்கப் பங்கு என்றால் ஆயர் இல்லாமல் எதுவும் நகராது. தனித்த பாப்டிஸ்ட் சபைகளுக்குத்தான் சுதந்திரம், ஆனால் அங்கே சபைக் கூட்டத்து வாக்கெடுப்பு இருக்கிறது. நூறு வருடம் முன்பு நிலம் கொடுத்தவர் "ஆராதனைக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருந்தால் அது தனித் தலைவலி.

நகர விதிகள் ஒருகாலத்தில் பெரிய தடை, ஏனென்றால் சர்ச் நிலங்கள் பல ஊர்களில் வீடு கட்ட முடியாத வகையில் வகைப்படுத்தப்பட்டிருக்கும், அல்லது தனிவீடுகளுக்கு மட்டும் அனுமதி இருக்கும். இப்போது மாநிலங்கள் வழிவிட ஆரம்பித்திருக்கின்றன. வாஷிங்டன் மாநிலம் 2019இல், மத அமைப்புகளின் நிலத்தில் குறைந்த வாடகை வீடு கட்டினால் கூடுதல் அடர்த்திக்கு, அதாவது அதே நிலத்தில் அதிக வீடுகளுக்கு, நகரங்கள் அனுமதி தர வேண்டும் என்று சட்டம் செய்தது; பதிலுக்கு அந்த வீடுகள் 50 ஆண்டுகள் அப்படியே நீடிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2023இல் நிறைவேறிய எஸ்பி 4 சட்டத்தின்படி, தகுதியுள்ள சர்ச் நிலத்தில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் குறைந்த வருமானத்தவருக்கு என்றால், நகர மன்றத்தின் மறுப்புக்கு இடமில்லாமலே அனுமதி கிடைக்கும். உங்கள் மாநிலத்தில் அப்படி ஏதும் இல்லையென்றால் வகைமாற்றத்துக்கு விசாரணைக் கூட்டம் இருக்கும். அங்கே வந்து எதிர்ப்பவர்கள் வாய்விட்டுச் சொல்வது பார்க்கிங் பிரச்சினை. அவர்களில் இரண்டு பேர் உங்கள் சபையினராகவே இருக்கலாம்.

எவ்வளவு பணம் வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டுமானத்துக்குச் சபை பணம் போடத் தேவையில்லை. ஆபத்தான பணம் அதற்கு முன்பு செலவாவது: மண்ணில் மாசு உண்டா என்ற ஆய்வு, நில மதிப்பீடு, கட்டடக் கலைஞரின் முதல் வரைபடங்கள், வழக்கறிஞர் கட்டணம். திட்டம் நின்றுபோனால் இது திரும்பாது. எண்டர்பிரைஸ் போன்ற லாப நோக்கற்ற வீட்டுவசதி அமைப்புகள் 2006 முதல் மதச் சபைகளுக்கென்றே பயிற்சியும் இந்த ஆரம்பக் கட்ட உதவியும் கொடுத்துவருகின்றன. அதேபோன்ற லிஸ்க் அமைப்பும் இந்த ஆரம்பச் செலவுக்கு முன்கடன் தருவதுண்டு. அவர்களைப் பார்க்காமல் காணிக்கைப் பணத்தில் கை வைக்க வேண்டாம். சபை பணம் போட்டே தீருவோம் என்றால் புரூக்ளின் சபைகள் செய்ததைப் பாருங்கள். ஈஸ்ட் புரூக்ளின் சர்ச்சஸ் என்ற கூட்டமைப்பு 1980களில் நெகேமியா வீடுகளைத் தொடங்கியபோது, கத்தோலிக்க, லூத்தரன், எபிஸ்கோபல் திருச்சபைகள் பல மில்லியன் டாலரை வட்டியில்லாக் கட்டுமானக் கடனாகக் கொடுத்தன. வீடு விற்றதும் பணம் திரும்பி அடுத்த வீட்டுக்குப் போனது. நகரம் காலி மனைகளையும் வீட்டுக்கு 10,000 டாலர் வட்டியில்லாக் கடனையும் கொடுத்தது. சுமார் 50,000 டாலர் விலையில் ஆயிரக்கணக்கான வரிசை வீடுகள் எழுந்தன. அது வாடகை இல்லை, சொந்த வீடு, நிலமும் நகரத்துடையது. ஆனால் பணத்தைக் கொடுத்து, திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்த முறை இன்றைக்கும் உதவும்.

பதினைந்தாம் ஆண்டைப் பற்றி இப்போதே பேசிவிடுங்கள். வரிக்கழிவுத் திட்டத்தில் முதல் 15 ஆண்டுகள் முடிந்ததும் முதலீட்டாளர் வெளியேறப் பார்ப்பார். கடன் பாக்கியும் வரியும் மட்டும் கொடுத்து லாப நோக்கற்ற கூட்டாளி கட்டடத்தை வாங்கிக்கொள்ளும் முதல் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதச் சட்டம் இடம் தருகிறது. அந்த வாக்கியத்தைத் தெளிவாக எழுதாததால், முதலீட்டாளரின் பங்கைப் பின்னால் வாங்கிய நிறுவனங்கள் முரண்டுபிடித்து நீதிமன்றம் வரை போன கதைகள் இருக்கின்றன. இன்று கமிட்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் அன்று இருக்க மாட்டார்கள், ஆகவே அது காகிதத்தில் இருக்கட்டும்.

நிர்வாகத்தைப் போதகர் கையில் கொடுக்காதீர்கள். வாடகை கட்டாதவருக்குத் திங்கட்கிழமை வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிறு அவருக்காக ஜெபிப்பது யாராலும் முடியாது. தொழில்முறை நிர்வாக நிறுவனம் அதைச் செய்யட்டும். நோட்டீஸ் போகும் முன் வாடகை உதவி நிதி தேட, குழந்தைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க, முதியவர்களை மருத்துவரிடம் அழைத்துப்போகச் சபை இருக்கலாம். அவற்றில் கலந்துகொள்வது குடியிருப்பவரின் விருப்பம், ஜெபத்தோடு கட்டிப்போடக் கூடாது.

கடைசியாக, நிலத்தின் அளவு. வரிக்கழிவுத் திட்டத்துக்கு வழக்கறிஞர், கணக்காளர் செலவு மட்டுமே பெரிது, எட்டுப் பத்து வீடுகளுக்கு அது கட்டுப்படியாகாது. பொதுவாக நாற்பது ஐம்பது வீடாவது வந்தால்தான் டெவலப்பர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். உங்கள் பார்க்கிங் இடம் அவ்வளவு தாங்காது என்றால் பக்கத்துச் சபைகளின் நிலங்களையும் சேர்த்து ஒரே திட்டமாகக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஏழைகளுக்குச் சொந்த வீடு கட்டிக்கொடுக்கும் ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் கிளைக்கோ, உள்ளூர்ச் சமூக நில அறக்கட்டளைக்கோ மனையைக் கொடுத்து நாலைந்து சொந்த வீடுகள் கட்டலாம். அறக்கட்டளை முறையில் நிலம் அவர்களிடமே இருக்கும், வீட்டை மட்டும் குடும்பம் வாங்கும், மறுவிற்பனை விலைக்கு வரம்பு இருக்கும். அந்த வழியில் போனால் மேலே சொன்ன கூட்டாண்மை, உத்தரவாதம், பதினைந்தாம் ஆண்டு எதுவும் கிடையாது. நிலப்பத்திரம், திருச்சபை ஒப்புதல், நகர அனுமதி மூன்றையும் மட்டும் பார்த்தால் போதும்.